வெள்ளிக்கிழமை மண்டபம்

மனித இனம் தோன்றிய நாளிலிருந்து, தான் கண்டறிந்ததில் ஒரு புள்ளியைக்கூட ஒளித்து வைக்காத ஆராய்ச்சியாளன் ஒரே ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவன் பெயர் இனிகோ பர்னாந்து. இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவனும் இனிகோ பர்னாந்துதான். திங்கட்கிழமை காலை, கடலடிப் பொறியியல் துறையின் தேநீர் வேளையில், ஒரு கையில் உளுந்தவடையைப் பிடித்துக்கொண்டு, துளியும் சிரிக்காமல் சொன்னான்.

காலை என்பது அங்கே விளக்கின் நிறம். மன்னார் வளைகுடாவின் தரையில், மணலுக்குள் இறக்கிய தூண்களின்மேல், முத்தடி நகரம் வளையம் வளையமாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு திருக்கை மீன் வந்து நின்று வடையைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“கோழி முட்டை மேல உக்காந்தா குஞ்சு வரும். வாத்தியாரு டேட்டா மேல உக்காந்தா என்ன வரும்? பென்சன் வரும்” என்றான் இனிகோ.

அவன் காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்கு ஒரு கருவி பதிந்திருந்தது. திறப்பான் என்று பெயர். அவன் அளக்கிற ஒவ்வோர் அளவும் அடுத்த நொடியே அதன் வழியாகப் பொதுக்குளத்தில் போய் விழும். பொதுக்குளம் என்பது தரவுகளின் ஊர்க்குளம். யாரும் இறங்கலாம், யாரும் மொண்டுகொள்ளலாம். பெரும்பாலோர் திறப்பானைப் பொருத்திக்கொண்டு அணைத்து வைத்திருந்தார்கள். இனிகோ அணைத்ததே இல்லை.

“அண்ணே, நேத்து மத்தியானம் தூணு அளக்கும்போதே நீங்க தூங்கிட்டீயன்னு குளத்துல கெடக்கு” என்றாள் அவனுக்கு அடுத்து சேர்ந்த ஆராய்ச்சி மாணவி பெனிட்டா.

“கெடக்கட்டும். தூக்கத்தக்கூட ஒளிக்கல பாத்தியா? கட்டுரைக்குக் கீழ ‘தரவு, கேட்டால் தரப்படும்’னு எழுதுதானுவளே, அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல. பூட்டு. சாவிய முழுங்கிட்டு, பூட்டுக்கு மாலை போடுதானுவ.”

துறைத்தலைவி தங்கபுஷ்பம் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். “பேசி முடிச்சிட்டியாப்பா? அப்ப இந்த வாரம் மண்டபத்துக்கு நீயே போயிட்டு வா.”

எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது ஒருவர் போயாக வேண்டும். வீட்டில் ரேஷன் கடைக்கு ஆள் தேடுவது போல, துறையில் மண்டபத்துக்கு ஆள் தேடுவார்கள். மண்டபத்தில் இறந்துபோன பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்களிடம் தரவு கேட்டு வர வேண்டும். எப்போதும் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும்.

இந்த வாரம் மட்டும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. மூன்றாம் வளையம் முனகத் தொடங்கியிருந்தது.

*

மூன்றாம் வளையத்தில்தான் இனிகோவின் அக்கா பிலோமி குடியிருந்தாள். போகிற வழியில் அவள் வீட்டில் எட்டிப் பார்த்தான். பிலோமி தரையில் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளித் தரையில் போட்டாள். அத்தனையும் தாமாகவே உருண்டு கிழக்கு மூலைக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

“பாத்தியா எய்யா? போன மாசம் நடுவீட்டுல நிக்கும். இப்ப ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு.”

அப்போது சுவர் முனகியது. உடம்பு சரியில்லாத ஒருவர் படுக்கையில் புரண்டு படுக்கும்போது எழுகிற மாதிரியான ஒலி. பிலோமி கையை நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் வெங்காயத்தைப் பார்த்தாள். இதற்குள் பழகிவிட்டிருந்தது.

“அது கடலடி மூச்சுக்கா. மணல்தரை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். திரும்ப ஏறிரும்.”

“இத நீ சொல்லுதியா? இல்ல எவனோ சொன்னத நீ சொல்லுதியா?”

எவனோ சொன்னதுதான். ஆவுடையப்பன் என்கிற பேராசிரியர், நகரம் எழும்புவதற்கு முன்பே இந்தத் தரையில் சோதனைத் தூண்களை நட்டு நெடுங்காலம் அளந்திருந்தார். கடலடி மூச்சு விடுகிறது, ஏறி இறங்கிச் சமனாகிவிடுகிறது, பயமில்லை என்று கட்டுரை எழுதினார். கட்டுரையில் ஒரு வரைபடம் இருந்தது. பெருவிரல் நகத்தளவு. அதில் கோடு இருந்தது, எண்கள் இல்லை. அதை நம்பித்தான் நகரத்தைக் கட்டினார்கள். அடியில் வழக்கமான அந்த வரியும் இருந்தது: கேட்டால் தரப்படும்.

இனிகோவிடம் இருந்தது இரண்டு வருட அளவுகள். அதைக் கொண்டு தரை இறங்குகிறது என்று சொல்லலாம். திரும்ப ஏறுமா, இறங்கிக்கொண்டே போகுமா என்று சொல்ல முடியாது. ஏறும் என்றால் மூன்றாம் வளையத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்களையும் பாதி கட்டிய ஐந்தாம் வளையத்துக்குத் துரத்துவது வீண். ஏறாது என்றால் துரத்தாமல் இருப்பது கொலை. புதன்கிழமை நகரமன்றம் கூடுகிறது. பழைய அளவு வந்தால் பார்ப்போம், வராவிட்டால் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று மன்றம் சொல்லிவிட்டது. மன்றங்கள் எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

“நீ அந்த ஆளுகிட்ட நேராக் கேட்டா என்ன?” என்றாள் பிலோமி.

“அதுக்குத்தாங்க்கா போறேன்.”

“உயிரோட இருக்காரா?”

“இல்ல. ஆனா ஆளு இருக்காரு.”

*

மண்டபம் வந்த கதை இதுதான்.

ஆவுடையப்பன் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் தரவுகளை மண்டைக்குள் பதித்த நினைவுக்கலத்தில் வைத்திருந்தார்கள். தொலையாது, திருடு போகாது, உரியவர் மனம் வைத்தால் ஒழிய திறக்காது. மிகப் பாதுகாப்பானது. உரியவர் இறந்ததும் அது எவ்வளவு பாதுகாப்பானது என்பது தெரியவந்தது. கட்டுரைகள் இருந்தன, முடிவுகள் இருந்தன, அவற்றை நம்பிக் கட்டிய நகரங்கள் இருந்தன. எண்கள் மட்டும் புதைகுழியில் இருந்தன.

வழக்குப் போட்டார்கள். கேட்டால் தருவேன் என்று எழுதிக் கொடுத்தவர் கேட்கும்போது இல்லாமல் போனது வாக்கு மீறல் என்று தீர்ப்பு வந்தது. இனிமேல் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே தரவைப் பொதுக்குளத்தில் போட்டுவிட வேண்டும் என்று பல்கலைக்கழகப் பேரவையில் ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அதைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். ஆசிரியர்களைக் கொண்ட அந்தக் குழு நன்றாக யோசித்து, ஆசிரியர்களைத் தரவு கொடுக்கச் சொல்வதைவிட அவர்களைச் சாகாமல் வைத்திருப்பது எளிது என்று அறிக்கை தந்தது.

அப்படியே செய்தார்கள். ஒருவர் இறந்ததும் நினைவுக்கலத்தையும் அதைச் சுற்றியிருந்த மனத்தையும் படியெடுத்துக் கண்ணாடிப் பேழையில் ஏற்றினார்கள். எச்சமனம் என்று அதற்குப் பெயர். முகம் தெரியும், பேசும், கேட்கும். கொடுத்த வாக்கு தீரும்வரை பேழையின் விளக்கு எரியும்.

மண்டபத்தின் பொறுப்பில் துணைப் பதிவாளர் இசக்கிராஜ் இருந்தார். வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், இனிகோவைப் பார்த்ததும் தோலை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“வாங்க சார். மூணு விசயம். அவங்ககிட்ட தேதி சொல்லக்கூடாது. குடும்பத்தப் பத்தி விசாரிக்கக்கூடாது. செத்துட்டாங்கன்னு மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லிராதீய.”

“சொன்னா என்ன ஆகும்?”

“யாரும் சொன்னதில்ல, அதனால தெரியாது. விதி இருக்கு சார்.”

“இதுவரைக்கும் யாராச்சும் குடுத்திருக்காங்களா?”

“நான் வந்த நாள்லேருந்து இல்ல. எனக்கு முன்ன இருந்தவரு காலத்துலயும் இல்லன்னுதான் கேள்வி. ஆனா ஒண்ணு, அத்தன பேரும் மரியாதையாப் பதில் சொல்லுவாங்க.”

உள்ளே வெயில் அடித்தது. கடலுக்கடியில் வெயில் ஏது? செயற்கை வெயில்தான், சாய்வான மஞ்சள் வெயில். எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிடும் ஒலி வந்தது. தொலைவில் பேருந்தின் ஹாரன் ஒன்று கேட்டது. இதையெல்லாம் வேண்டுமென்றே அமைத்திருந்தார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் எந்த நேரத்தில் மிகுந்த மனநிறைவோடு இருக்கிறார் என்று உளவியலாளர்களை வைத்து ஆராய்ந்தபோது, வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று விடை வந்ததாம். ஆகவே மண்டபத்தில் எப்போதும் வெள்ளிக்கிழமை பிற்பகல். அந்த நேரத்தில் எந்த ஆசிரியரும் எவருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்ததில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

வரிசை வரிசையாகப் பேழைகள். ஒவ்வொன்றிலும் தோளுக்கு மேலே ஒரு முகம். சிலர் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்களைச் சிமிட்டினார்கள். சிலர் பக்கத்துப் பேழையோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். இனிகோ நடந்து வர வர அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் வரிசை வரிசையாக நின்றது.

“வாப்பா, வா” என்றார் ஆவுடையப்பன். அகன்ற நெற்றி, அதில் திருநீறு. “நல்ல நேரத்துல வந்த. கிளம்பிக்கிட்டே இருக்கேன். ஊருக்குப் போகணும், பஸ்ஸு போயிரும். நீ எந்த டிபார்ட்மென்ட்டு?”

“கடலடிப் பொறியியல் சார்.”

“யாரு கைடு?”

“தங்கபுஷ்பம் மேடம்.”

“தங்கபுஷ்பமா? கடசி பெஞ்சுல உக்காந்து புளியங்கொட்ட திங்குமே, அந்தப் பிள்ளையா? நாடு உருப்பட்ட மாதிரிதான். சரி, என்ன வேணும்?”

“உங்க சோதனைத் தூண் அளவுகள் சார். மொத்தமும்.”

“எதுக்கு?”

“கட்டுரையில கேட்டா தருவேன்னு போட்டிருக்கீங்க சார்.”

“போட்டிருக்கேன். இல்லேங்கல. எதுக்குன்னு கேட்டேன்.”

இனிகோ மூன்றாம் வளையத்தைப் பற்றிச் சொன்னான். ஆவுடையப்பன் முழுவதும் கேட்டார். இரக்கத்தோடு தலையை அசைத்தார்.

“டேட்டா எல்லாம் பத்திரமா இருக்கு. என்கிட்ட இல்ல. அளந்தது சண்முகவடிவு. அந்தப் பிள்ளைகிட்ட கேட்டு வாங்கிக்கோ.”

அவரிடம் ஆராய்ச்சி செய்த சண்முகவடிவு அடுத்த வரிசையிலேயே இருந்தார். அவரும் பேராசிரியராகி, ஓய்வு பெற்று, இறந்தவர். இனிகோவைப் பார்த்ததும் பேழைக்குள் எழுந்து நிற்க முயல்வதுபோல் அவர் முகம் கொஞ்சம் உயர்ந்தது.

“நான் சாருகிட்டயே குடுத்துட்டேனே!”

“சாரு உங்ககிட்ட இருக்குன்னு சொல்லுதாங்க.”

“சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா என்கிட்ட இல்ல.”

இனிகோ ஆவுடையப்பனிடம் திரும்பி வந்தான். அவர் மறுபடியும் சண்முகவடிவிடம் அனுப்பினார். சண்முகவடிவு, அது பழைய வடிவத்தில் இருக்கிறது, இப்போதைய கருவியில் திறக்காது என்றார். இல்லாதது எப்படித் திறக்காமல் போகும் என்று கேட்டான். அதை சாரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். ஆவுடையப்பன், தருகிறேன், ஆனால் இன்னும் ஒரு கட்டுரை அதிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது, அதை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றார். எப்போது முடியும் என்றான். விடுமுறை வரட்டும் என்றார். ஹாரன் அடித்தது. அவர் மறுபடியும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார்.

இனிகோவுக்குப் பொறுமை போயிற்று.

“சார், நீங்க செத்துப் பல வருசம் ஆச்சு.”

ஆவுடையப்பன் புன்னகை மாறாமல் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரியும்ப்பா” என்றார்.

மண்டபம் முழுவதும் கண்ணாடிகளுக்குள் முகங்கள் மெல்லத் திரும்பின. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, இருட்டில் மறைந்திருந்த கடைசி வரிசை. எல்லாரும் இனிகோவைப் பார்த்தார்கள். எவர் முகத்திலும் வியப்பு இல்லை.

“எல்லாருக்கும் தெரியும். எங்கள எழுப்பும்போதே நிபந்தனைய வாசிச்சுக் காட்டணும்னு சட்டம் இருக்குல்லா? வாசிச்சாங்க. கேட்டத குடுத்துட்டா வாக்கு தீந்துது, விளக்க அணைச்சிரலாம்னு அதுல ஒரு வரி இருக்கு. நீயே சொல்லு. எவன் குடுப்பான்?”

இறந்ததை அவர்களிடம் சொல்லக்கூடாது என்பதும், இறந்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள். இரண்டையும் எழுதியவர் ஒருவரேதான். அவரும் மண்டபத்தில் இருந்தார்.

இனிகோ பேசுவதற்குப் பதில், திறப்பானில் பதிந்திருந்த அக்கா வீட்டுச் சுவரின் ஒலியை எடுத்து மண்டபத்தில் ஓடவிட்டான்.

முனகல் கண்ணாடிகளில் பட்டு அதிர்ந்தது. ஆவுடையப்பன் கண்களை மூடிக் கேட்டார். முடிந்ததும், “இன்னொரு தடவ போடு” என்றார். மறுபடியும் கேட்டார்.

“ஏழாந்தூணு நின்ன எடம்” என்றார் மெதுவாக.

“சார், சொல்லிராதீய!” அடுத்த வரிசையிலிருந்து சண்முகவடிவின் குரல் கீச்சிட்டது.

“சும்மா இரு வடிவு.” கண்களைத் திறந்தார். “மத்த தூணெல்லாம் ஏறி எறங்கிச்சு. ஏழு மட்டும் எறங்கிச்சு. எறங்கிக்கிட்டே இருந்துது. கருவி கோளாறா இருக்கும்னு நெனச்சேன். அப்ப எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் வேற. கட்டுரை போயாகணும். ஏழ எடுத்துட்டுச் சராசரி போட்டா எவ்வளவு அழகா மூச்சு விடுது தெரியுமா? கருவிக் கோளாறுதான்னு நெனச்சுக்கிட்டேன். நாள் போகப் போக அதையே உண்மைன்னும் நம்பிட்டேன்.”

“எங்க அக்கா அது மேலதான் குடியிருக்கா சார்.”

அவர் அவன் காதுப் பக்கம் பார்த்தார்.

“இங்க வாரவனெல்லாம் அத அணைச்சு வச்சிருப்பான். நீ எல்லாத்தையும் வெளியவே போட்டுருவியோ? தப்பா அளந்ததக்கூடவா?”

“தப்பயும் சார். நேத்து தூங்கினதுகூட கெடக்கு.”

“சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்காங்க. சிரிச்சா என்ன சார்? முடிஞ்சுபோயிரும்.”

“அப்புறம் ஒனக்குன்னு மிச்சம் என்ன இருக்கும்?”

“ஒண்ணும் வேண்டாம் சார்.”

ஆவுடையப்பன் அவனை அதிசயமாகப் பார்த்தார். ஒரு புது வகை மீனைப் பார்ப்பதுபோல. “பயமே இல்லாத ஒருத்தன் கையில குடுக்கலாம்” என்றார். “குடுக்கேன். என் பேரப் போடுவியா?”

“முதல் பேரே உங்க பேருதான் சார்.”

“கடசியாப் போடு. கட்டுரையில கடசிப் பேருதாம்ப்பா கைடு பேரு, பெரிய பேரு.”

இனிகோவின் காதுக்குப் பின்னால் ஒரு கூச்சம் ஓடியது. நாற்பது வருடத்துக்கு முந்தைய எண்கள் அவன் வழியாகப் பாய்ந்து பொதுக்குளத்தில் போய் விழுந்தன.

அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இசக்கிராஜ் ஓடிவந்தார். இதுவரை எவரும் கொடுத்ததில்லை என்பதால் எதையும் அணைத்ததில்லை. பேழையைச் சுற்றி வந்து பொத்தானைத் தேடினார். செயல்முறை விளக்கத்தை எங்கே வைத்தார்கள் என்று அலுவலகத்தைக் கேட்டார். அலுவலகம் விண்ணப்பிக்கச் சொன்னது.

“மெதுவாப் பாருங்க, அவசரம் ஒண்ணுமில்ல” என்று ஆவுடையப்பன் அவருக்கு ஆறுதல் சொன்னார். பிறகு இனிகோவிடம், “இந்தத் தடவ பஸ்ஸப் பிடிச்சிருவேன்னு நெனைக்கேன்” என்றார்.

பொத்தான் பேழைக்கு அடியில் இருந்தது. முகம் ஒரே நொடியில் மறையவில்லை. முதலில் திருநீறு போயிற்று, பிறகு நெற்றி. கடைசியாகக் கண்கள் போகும்போது அவற்றில் இருந்தது நிம்மதி என்று இசக்கிராஜ் பின்னால் எல்லாரிடமும் சொன்னார். இனிகோ பக்கத்தில் நின்றிருந்தான். அது நிம்மதி இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

“சார்? சார் எங்க?” என்றார் சண்முகவடிவு. பிறகு “என்கிட்ட ஒண்ணுமில்ல” என்று சொல்லத் தொடங்கினார். “என்கிட்ட ஒண்ணுமே இல்ல.” பக்கத்துப் பேழை அதையே சொன்னது. அடுத்ததும் சொன்னது. இனிகோ வாசலை அடையும்வரை மஞ்சள் வெயிலில் வரிசை வரிசையாக அந்தக் குரல் அவன் பின்னால் வந்தது.

*

புதன்கிழமை மன்றம் கூடி, ஏழாந்தூணின் கோட்டைப் பார்த்தது. அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவைப்படவில்லை. மூன்றாம் வளையத்தைக் காலி செய்தார்கள். பிலோமி வெங்காயக் கூடையோடு ஐந்தாம் வளையத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மாதம் முடிவதற்குள், ஆளில்லாத மூன்றாம் வளையம் குளத்தில் எருமை உட்காருவதுபோல மணலுக்குள் மெல்ல உட்கார்ந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பாராட்டு விழா நடந்தது. தங்கபுஷ்பம் பேசினார், மேயர் பேசினார். பொதுக்குளத்தின் மகிமையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். இனிகோவுக்குச் சால்வை போர்த்தி, ஐந்தாம் வளையத்தின் தூண்களை அளக்கும் பொறுப்பை முழுவதும் அவனுக்கே கொடுத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் இசக்கிராஜ் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாயசத்தை உறிஞ்சிவிட்டு மனநிறைவோடு சொன்னார்:

“மண்டபத்துல எல்லாருக்கும் முன்கூட்டியே எடம் ஒதுக்கணும்னு ஆணை வந்திருக்கு சார். ஒவ்வொருத்தரு பேரா எடுத்துப் பாத்துக்கிட்டு வாரேன். உங்க பேருக்கு வேலையே இல்ல. எல்லாந்தான் குளத்துல கெடக்கே! உங்ககிட்ட வந்து கேக்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பேழையே வேண்டாம்.”

“வேண்டாமா?” என்றான் இனிகோ.

“எதுக்கு சார்? நேரா அடக்கம் பண்ணிரலாம்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெனிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். இனிகோவும் சிரித்தான். பாயசத்தில் முந்திரி இருந்தது. அதை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தான், பிறகு சாப்பிட மறந்துபோனான்.

அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அளவெடுக்கும்போது, குளிக்கும்போது, அக்கா வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது மட்டும் யோசித்தான். நெற்றி போய்ப் பிறகு கண்கள் போவது எப்படி இருக்கும் என்று யோசித்தான். அதற்கு முன் எத்தனையோ வருடங்கள் மஞ்சள் வெயிலில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கலாமே என்றும் யோசித்தான்.

ஏதாவது ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம். பெரிதாக எதுவும் வேண்டாம். முதலில் துறைத் தேநீரின் வெப்பநிலையை நினைத்தான். ஆனால் அதை யார் வந்து கேட்பார்கள்? கேட்க ஆளில்லாதவனுக்கு விளக்கு எரியாது. வைத்துக்கொள்வதென்றால் எல்லாருக்கும் கட்டாயம் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். இது எளிய தர்க்கம். ஐந்தாம் வளையத்தின் தூண்களில் எது அதிகப் பாரம் தாங்குகிறது என்று கணக்கிட்டான். அதன்மேல் யாருடைய வீடுகள் இருக்கின்றன என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. தான் உயிரோடு இருக்கும்வரை அதைத் தானே கவனித்துக்கொள்வான். ஒரு தூண்தானே.

சில வாரங்கள் கழித்துப் பெனிட்டா அவன் அறைக்கு வந்தாள்.

“அண்ணே, அஞ்சாம் வளையத்துல நடுத்தூணு அளவு மட்டும் குளத்துல காணலியே? மத்ததெல்லாம் வந்திருக்கு. எங்கயும் அடைச்சிருக்கோ?”

ஜன்னலுக்கு வெளியே மீன்கூட்டம் ஒன்று திரும்பியது. இனிகோ அவளை அன்போடு பார்த்தான்.

“அடைப்பெல்லாம் இல்லம்மா. அதக் கொஞ்சம் சுத்தம் பண்ண வேண்டியிருக்கு. அரைகுறையா வெளிய விட்டா நாலு பேரு நாலு விதமாப் புரிஞ்சுக்கிடுவானுவ. ஒனக்கு எதுக்குத் தேவைப்படுது?”

“சும்மாதான். அதுக்குப் பக்கத்து வீட்டுச் சுவத்துல ஒரு மாதிரி சத்தம் வருதாம்.”

“அப்படியா? நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் இனிகோ காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தான். வெளியே போகாத அளவுகள் உள்ளே சேரச் சேர, அந்த இடம் லேசாகச் சூடேறியிருந்தது. உயிருள்ள ஒன்றைத் தொடுவது போன்ற சூடு. விரலை எடுக்க மனம் வரவில்லை.